டோனா சம்மர் தொகுப்பு ஆல்பத்தை எடைபோடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் "லவ் டு லவ் யூ பேபி" பாட்டின் முழு நீளம் 16 நிமிடம் 50 விநாடி. 1975-இல் வந்த எல்பி தட்டில் ஒரு பக்கம் முழுவதையும் அந்த ஒரே பாட்டு எடுத்துக்கொண்டது. இன்று கடையிலோ ஸ்ட்ரீமிங்கிலோ கிடைக்கும் டோனா சம்மர் தொகுப்புகள் பெரும்பாலானவற்றில் அதே பெயரைத் தட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். பெயர் அதே, குரல் அதே, பதிவும் அதே. காணாமல் போனது பன்னிரண்டு நிமிடம்.

தொகுப்பு ஆல்பத்தை எடைபோட உட்காரும்போது நம்மில் பலர் பின்னட்டையில் பாட்டுப் பெயர்களை மட்டும் பார்க்கிறோம். தெரிந்த ஹிட் எல்லாம் இருக்கிறதா, சரி, வாங்கிவிடலாம். ராக் பாடகருக்கோ நாட்டுப்புறப் பாடகருக்கோ அது ஓரளவு போதும். டிஸ்கோவுக்குப் போதாது. அந்த இசை ஆடுதளத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது, தாளம் மட்டும் தனியாக எப்போது நிற்கிறது, குரல் எப்போது திரும்பி வருகிறது என்பதெல்லாம் பாட்டின் உடம்பு. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது முகம் மட்டும்தான். எனவே கடிகாரத்தையும் ஒரு நல்ல ஹெட்போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க டோனா சம்மரை வைத்தே. தொகுப்பு ஆல்பத்தில் நடக்கக்கூடிய நல்லது, கெட்டது எல்லாமே இவர் விஷயத்தில் நடந்திருக்கிறது. ஒரு முறை இவரை வைத்துப் பழகிவிட்டால் அந்தக் காலத்துப் பாடகர் வேறு யாரை எடுத்தாலும் இதே படிகள் உதவும்.

முதல் படி: தொகுப்பைத் தொடும் முன் அவருடைய பாதையை ஒரு தாளில் எழுதுங்கள்

இது இல்லாமல் எதையும் மதிப்பிட முடியாது. எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மொத்தம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

டோனா சம்மர் 1948 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். 1968-இல் ஒரு மேடை இசை நாடகத்தில் நடிக்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனார், அங்கேயே சில வருடம் தங்கிவிட்டார். கணவரின் குடும்பப் பெயரான சோமர்தான் பிற்பாடு சம்மர் ஆனது. மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலோட் என்ற இரண்டு தயாரிப்பாளர்களைச் சந்தித்தார். மூவரும் செய்த ஒரு பாட்டை அமெரிக்காவின் காஸப்ளாங்கா நிறுவனத்தின் தலைவர் நீல் போகார்ட் தன் வீட்டு விருந்தில் போட, வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். இதையே ஒரு பக்கம் முழுக்க நீட்டித் தாருங்கள் என்று அவர் கேட்டதன் விளைவுதான் மேலே சொன்ன பதினாறே முக்கால் நிமிடம்.

1975 முதல் 1980 வரை காஸப்ளாங்கா காலம். டிஸ்கோ என்றால் இவர் என்று ஆனது இந்த ஐந்தாண்டில்தான். 1978 நவம்பர் முதல் 1979 நவம்பர் வரைக்குள் நான்கு பாடல்கள் அமெரிக்காவின் முக்கிய பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தன: "மெக்ஆர்தர் பார்க்", "ஹாட் ஸ்டஃப்", "பேட் கேர்ள்ஸ்", பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுடன் சேர்ந்து பாடிய "நோ மோர் டியர்ஸ்". 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டே நாள் கழித்து, ஜூலை 14 தேதியிட்ட பட்டியலில் "பேட் கேர்ள்ஸ்" முதலிடத்தில் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த தேதிப் பொருத்தம் இது.

அடுத்தது 1980 முதல் கெஃபன் காலம். டேவிட் கெஃபன் தொடங்கிய புது நிறுவனத்தில் முதலில் ஒப்பந்தமான கலைஞர் இவர்தான். டிஸ்கோவை விட்டு ராக், நியூ வேவ் பக்கம் திரும்பினார். 1981-இல் ஓர் இரட்டை ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தார். நிறுவனம் அதை வெளியிடவில்லை, 1996-இல்தான் வெளிவந்தது. 1982-இல் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் ஓர் ஆல்பம். 1983-இல் பழைய ஒப்பந்தக் கடனைத் தீர்க்க மெர்க்குரி நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்த ஆல்பத்தில் "ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மணி". 1989-இல் பிரிட்டனின் ஸ்டாக் எய்ட்கன் வாட்டர்மன் தயாரிப்பாளர் கூட்டணியோடு "திஸ் டைம் ஐ நோ இட்ஸ் ஃபார் ரியல்". அப்புறம் 1990-களில் மொரோடருடன் மறுபடி சேர்ந்த "கேரி ஆன்", அதற்கு 1998-இல் கிராமி. 2008-இல் "க்ரேயான்ஸ்" என்ற கடைசி ஸ்டுடியோ ஆல்பம். 2012 மே 17 அன்று மறைவு.

இந்தக் கோட்டைத் தாளில் போட்டுவிட்டு, கையிலிருக்கும் தொகுப்பின் பாடல்களை அதன்மேல் புள்ளி புள்ளியாக வையுங்கள். புள்ளிகள் எங்கே குவிகின்றன, எங்கே வெற்றிடம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: யார் வெளியிட்டது, எந்த வருடம்?

பாதையில் மூன்று நான்கு நிறுவனங்கள் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பாடல்களின் உரிமை அவரவரிடம் இருந்தது. ஒரு நிறுவனம் தொகுப்பு போடும்போது தன்னிடம் உள்ளதைத் தாராளமாகப் போடும், அடுத்தவரிடம் உள்ளதற்குப் பணம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சில தொகுப்புகளில் 1989-க்கான புள்ளியே இல்லாமல் இருந்தால் அது ரசனையால் விட்டது என்று நினைக்காதீர்கள்.

1980-இல் சம்மர் வெளியேறியதும் காஸப்ளாங்கா ஒரு தொகுப்பு போட்டது. "வாக் அவே" என்று பெயர், 1977 முதல் 1980 வரையிலான சிறந்த பாடல்கள் என்று அட்டையிலேயே எழுதியிருந்தார்கள். அது நேர்மை. மூன்று வருடத்துப் பாடல்களைப் போட்டுவிட்டு முழு வாழ்க்கையின் சிறந்தவை என்று அட்டையில் அச்சிடுகிற தொகுப்புகள்தான் வாங்குபவரை ஏமாற்றுகின்றன. அட்டையின் வாக்குறுதியையும் பின்பக்க வருடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை நிமிடம்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரே பாட்டு மூன்று உருவங்களில் வந்தது. வானொலிக்கும் ஜூக்பாக்ஸுக்கும் 7 அங்குல சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்கான தனித் தட்டு, மூன்று நான்கு நிமிடம். எல்பியில் ஆல்பத்துக்கான வடிவம். டிஸ்கோ கூடங்களின் டிஜேக்களுக்கு 12 அங்குல சிங்கிள். 12 அங்குலத் தட்டில் ஒரே பாட்டுக்கு இடம் தாராளம். பள்ளங்களை அகலமாக வெட்டலாம், அதனால் ஒலியும் உரக்க, பேஸ் என்கிற கீழ் ஸ்தாயி ஒலியும் ஆழமாகப் பதியும். 1976 வாக்கில் அது கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே டிஸ்கோவில் நீளமான வடிவத்தை இழுத்து நீட்டிய ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பல சமயம் அதுதான் மூலம், குட்டையானதுதான் கத்தரித்தது.

சம்மரின் பாடல்களில் சோதிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

"ஐ ஃபீல் லவ்", 1977. ஆல்பத்தில் 5 நிமிடம் 53 விநாடி, 12 அங்குலத் தட்டில் எட்டு நிமிடத்துக்கு மேல், அமெரிக்க 7 அங்குல சிங்கிளில் நான்கு நிமிடத்துக்குள். ஒரு தொகுப்பில் இது நான்கு நிமிடத்துக்குக் கீழே இருந்தால் எனக்கு அந்தத் தொகுப்பின் மேல் பாதி நம்பிக்கை போய்விடும். இந்தப் பாட்டின் வேலையே கேட்பவரை மெல்ல மயக்கத்துக்குக் கொண்டுபோவது. அதற்கு நேரம் வேண்டும். பாட்ரிக் கௌலி 1978-இல் செய்த ரீமிக்ஸ் 15 நிமிடம் 45 விநாடி ஓடும். அது இருந்தால் கூடுதல் பரிசு, ஆனால் மூலப் பதிவுக்கு மாற்றாக அதை ஏற்க வேண்டாம்.

"லாஸ்ட் டான்ஸ்", 1978. திரைப்படத்துக்காகச் செய்தது. எழுதிய பால் ஜபாராவுக்கு ஆஸ்கர், பாடிய சம்மருக்கு கிராமி. மெதுவாகத் தொடங்கி, திடீரென வேகமெடுக்கும். முழு வடிவத்தில் நடுவில் ஒருமுறை மறுபடியும் வேகம் தணிந்து, ஆடுகிறவர்களை நிறுத்தி, பிறகு மீண்டும் கிளப்பும். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். சிங்கிளில் அந்த நடுத் தணிவை வெட்டிவிட்டார்கள். நீங்கள் கேட்கும் வடிவத்தில் அது இருக்கிறதா என்று காதால் பாருங்கள். அந்த இடத்தில்தான் அவர் குரலின் தேவாலயப் பயிற்சி முழுதாக வெளியே வருகிறது. தாளம் விலகி, அவர் மட்டும் நிற்பார். அதை வெட்டினவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"மெக்ஆர்தர் பார்க்", 1978. ஜிம்மி வெப் எழுதிய பாட்டு. "லைவ் அண்ட் மோர்" என்ற இரட்டை எல்பியில் நான்காம் பக்கம் முழுவதும் இது ஒரு தொடராக ஓடும். நடுவில் "ஒன் ஆஃப் எ கைண்ட்", "ஹெவன் நோஸ்" ஆகிய இரண்டையும் கோத்து, கடைசியில் மறுபடி முதல் பாட்டுக்கே திரும்பும். பதினேழு நிமிடத்துக்கு மேல். முதலிடம் பிடித்த சிங்கிளோ நான்கு நிமிடத்துக்குள். அந்த ஆல்பத்தையே சிடியாக ஒரே தட்டில் அடக்கும்போது இடம் போதாமல் இந்தத் தொடரை எடுத்துவிட்டு வேறொரு பாட்டை வைத்தார்கள். மூல ஆல்பத்தின் சிடியிலேயே இல்லாத ஒன்று ஒரு தொகுப்பில் முழுதாக இருந்தால் அந்தத் தொகுப்பைத் தயங்காமல் எடுங்கள்.

"நோ மோர் டியர்ஸ்", 1979. இரண்டு பாடகர்கள், இரண்டு நிறுவனங்கள். சிங்கிள் ஐந்து நிமிடத்துக்குள். ஸ்ட்ரைசாண்டின் ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல். சம்மரின் தொகுப்பில் 11 நிமிடம் 44 விநாடி. மூன்று நீளங்கள், மூன்றும் அதிகாரபூர்வமானவை.

இப்போது அந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "ஆன் த ரேடியோ", 1979 அக்டோபரில் வந்த இரட்டை எல்பி, முதல் பெரிய தொகுப்பு. வெளிவந்தபோது சம்மருக்கு முப்பது வயதுதான். 1980 ஜனவரியில் அது ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தொடர்ந்து மூன்று இரட்டை ஆல்பங்களை முதலிடத்துக்குக் கொண்டுபோன முதல் கலைஞர் ஆனார். ஆனால் அதில் பெரும்பாலான பாடல்கள் சுருக்கப்பட்டு, ஒன்று முடியும் முன் அடுத்தது தொடங்குகிற மாதிரி ஒட்டப்பட்டவை. இதைச் சிலர் குறை சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அங்கே வெட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. டிஜே மேடையில் நின்று ஓர் இரவைக் கோப்பது போல, பாட்டிலிருந்து பாட்டுக்கு வேகம் குறையாமல் கொண்டுபோகிறார்கள். வெட்டி எடுத்ததைத் தொடர்ச்சியால் ஈடுகட்டினார்கள். பிற்காலத் தொகுப்புகள் வெட்டினவை, ஈடு எதுவும் கொடுக்காதவை. ஒவ்வொரு பாட்டும் மூன்றரை நிமிடத்தில் தேய்ந்து மறைந்து, இரண்டு விநாடி மௌனம், அடுத்த பாட்டு. அதைக் கேட்டு முடித்தால் வானொலி கேட்ட மாதிரி இருக்குமே தவிர, ஆடின மாதிரி இருக்காது.

நீளமான வடிவங்கள் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு 1987-இல் வந்த "த டான்ஸ் கலெக்‌ஷன்" இருக்கிறது. 12 அங்குல சிங்கிள்களை மட்டும் கோத்த தொகுப்பு.

நான்காம் படி: இது அந்தப் பதிவுதானா?

சில வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு கடையில் டிஸ்கோ ஹிட்ஸ் என்று ஒரு சிடி மலிவாகக் கிடைத்தது. பல பாடகர்களின் பாடல்கள், பெயர்களெல்லாம் சரி. வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டாவது பாட்டிலேயே ஏதோ உறுத்தியது. குரல் அவருடையதுதான், ஆனால் வயதான குரல். வயலின்கள் இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு. டிரம் ஒலி அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல. அட்டையின் கீழே, எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில், மூலக் கலைஞர்களே மறுபதிவு செய்தவை என்று இருந்தது. அன்றிலிருந்து பூதக்கண்ணாடி இல்லாமல் நான் சிடி வாங்குவதில்லை.

பழைய பதிவின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். பாடகர் பிற்காலத்தில் அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு வேறு கைக்குப் போகும், மலிவாகவும் கிடைக்கும். டிஸ்கோ காலப் பாடகர்கள் பலருக்கு இது நடந்திருக்கிறது. சம்மர் விஷயத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியது மேடைப் பதிவுகள். 1999-இல் அவருடைய ஒரு நேரடி ஆல்பம் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது அதன் பாடல்களும் பழைய பெயரிலேயே வந்து நிற்கும். அவை மோசமானவை அல்ல, ஐம்பது வயதிலும் அந்தக் குரல் அசரவைக்கும். ஆனால் 1979-ஐ நினைத்து வாங்கினவருக்கு அது வேறு பண்டம்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே உள்ள பதிவு உரிமை வருடத்தைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் பி என்ற எழுத்தும் அருகே வருடமும் இருக்கும். 1977 பாட்டுக்கு அங்கே 1977 அல்லது அதை ஒட்டிய வருடம் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: காதால் சோதிப்பது

ரீமாஸ்டர் செய்யப்பட்டது, அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டது, என்று அட்டையில் போட்டிருப்பது பாராட்டும் அல்ல, குற்றமும் அல்ல. 1990-களின் நடுவிலிருந்து பல ரீமாஸ்டர்கள் ஒலியை உரக்கத் தள்ளுவதற்காகவே செய்யப்பட்டன. மெல்லியதும் உரத்ததும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். முதல் நிமிடம் பிரமாதமாக இருக்கும், இருபது நிமிடத்தில் காது களைத்துவிடும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இல்லையென்றால் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும்.

நான் பயன்படுத்தும் முதல் சோதனைப் பாட்டு "ஐ ஃபீல் லவ்".

மியூனிக்கில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. அது வெளிவந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு காலகட்டத்தைக் குறிக்கும், கடைசிப் பாட்டான இது எதிர்காலத்தைக் குறிக்கும். ஆகவே வாத்தியங்கள் வேண்டாம், எல்லாம் எந்திரத்திலிருந்து வரட்டும் என்று முடிவு செய்தார்கள். பெரிய அலமாரி போன்ற மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக் கருவி ஒன்று. சில விநாடிகளுக்கு ஒருமுறை அது சுருதி விலகும், நிறுத்திச் சரிசெய்து துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். ஆனால் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்முக்கு வேண்டிய கனம் அந்த எந்திரத்திலிருந்து கிடைக்கவில்லை. அதை மட்டும் கீத் ஃபோர்ஸி என்ற டிரம்மர் நேரடியாக வாசித்தார்.

இனி ஹெட்போனைப் போடுங்கள். பேஸ் ஒலியைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் மூல ஸ்வரம் வரும், அதன் எதிரொலி கணநேரம் தாமதித்து மறுபக்கத்தில் வரும். இரண்டும் சேர்ந்துதான் அந்த விடாத ஓட்டம். ஒரு காதைக் கழற்றிப் பாருங்கள், பேஸ் பாதியாகக் குறைந்து ஒன்றுவிட்டு ஒன்றாகத் தட்டும். மறுபடி போட்டால் ஓட்டம் முழுமையாகும். நல்ல பதிப்பில் இந்தப் பிரிவு கத்தியால் வெட்டின மாதிரித் தெளிவாக இருக்கும், நடுவில் கிக் டிரம் தனியாக, நெஞ்சில் தட்டும். மோசமான பதிப்பில் பேஸும் கிக்கும் ஒரே கூழாகிவிடும். அந்தப் பதிப்பில் எல்லாப் பாட்டும் அப்படித்தான் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். சம்மரின் குரலையும் கவனியுங்கள். மேல் ஸ்தாயியில், கிட்டத்தட்ட எடையே இல்லாமல், எந்திரத்தின் மேல் மிதக்கும். அளவுக்கு மீறி உரக்கத் தள்ளின ரீமாஸ்டரில் அந்தக் குரல் மிதக்காது, கூரையில் தலை இடித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது சோதனை "டிம் ஆல் த லைட்ஸ்". சம்மர் தனியே எழுதிய பாட்டு, 1979-இல் இரண்டாமிடம் வரை போனது. மெதுவான தொடக்கம் முடிந்து வேகம் பிடிக்கும் இடத்தில் ஒரே ஸ்வரத்தை ஏறத்தாழ 16 விநாடி பிடித்து நிற்பார். அந்தப் பதினாறு விநாடியில் குரல் ஒரே மாதிரி இருக்காது. மெல்ல விரியும், அதிர்வு கூடும், பின்னால் தாளம் வந்து சேரும். பதிப்பு நன்றாக இருந்தால் அந்த வளர்ச்சி காதில் விழும். ஒலியை நசுக்கியிருந்தால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே தடிமனில் ஒரு கோடு.

"ஹாட் ஸ்டஃப்" பாட்டில் ஜெஃப் பாக்ஸ்டரின் கிட்டார் இழைகிறதா, கிழிக்கிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

ஆறாம் படி: வரிசை

கால வரிசையில் கோத்திருந்தால் ஒரு குரல் வளர்வதைக் கேட்கலாம். 1975-இல் முணுமுணுத்த அதே பெண் 1979-இல் கர்ஜிப்பதைக் கேட்பது பெரிய அனுபவம். "ஹாட் ஸ்டஃப்" பாட்டுக்கு ராக் பாடகியருக்கான கிராமி விருது கிடைத்தது, அந்தப் பிரிவில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட விருது அதுதான். டிஸ்கோ ராணி என்ற பட்டத்துக்குள் அவரை அடைத்தது எவ்வளவு அவசரம் என்பது வரிசையாகக் கேட்கும்போது புரியும்.

ஒரு சின்னச் சோதனை. "பேட் கேர்ள்ஸ்" ஆல்பத்தில் "ஹாட் ஸ்டஃப்" முடியும் இடத்திலிருந்து தாளம் அறாமல் "பேட் கேர்ள்ஸ்" பிறக்கும். தொகுப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து, ஒட்டியபடி இருந்தால் கோத்தவருக்கு மூல ஆல்பத்தின் மேல் மரியாதை இருந்திருக்கிறது. இரண்டையும் தூர வைத்திருந்தாலோ, ஒட்டும் இடத்தில் தொடக்கத்தைக் கொத்தியிருந்தாலோ, பட்டியலை மட்டும் பார்த்துக் கோத்தது என்று அர்த்தம்.

ஏழாம் படி: ஹிட் அல்லாத பாடல்கள்

பட்டியலில் மேலே போன பாடல்களை யாரும் கோத்துவிடலாம். தொகுப்பாளரின் காது தெரிவது மற்ற இடங்களில்.

1982 ஆல்பத்தில் "ஸ்டேட் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்" என்று ஒரு பாட்டு. ஜான் ஆண்டர்சனும் வாஞ்செலிஸும் எழுதியதைக் குவின்சி ஜோன்ஸ் சம்மருக்காக மறுபடி கட்டினார். பின்னணிக் குழுவில் மைக்கேல் ஜாக்சன், ஸ்டீவி வொண்டர், லயனல் ரிச்சி, டியான் வார்விக். அமெரிக்காவில் பெரிதாக ஓடவில்லை. என் கணக்கில் இது அவருடைய மிகச் சிறந்த ஐந்து பதிவுகளில் ஒன்று. இதைச் சேர்க்காத தொகுப்பை முழு வாழ்க்கைத் தொகுப்பு என்று நான் ஏற்பதில்லை.

1983 ஆல்பத்தில் "ஹீ இஸ் எ ரெபெல்" என்ற பக்திப் பாட்டுக்கு ஒரு கிராமி. தேவாலயத்தில் தொடங்கிய குரல் அங்கே திரும்பிய இடம் அது. பெரும்பாலான தொகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை. "ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மணி" எல்லாவற்றிலும் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் உணவகத்தின் கழிவறையில், வேலைக் களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன பணிப்பெண் ஒருவரைப் பார்த்துப் பிறந்த பாட்டு. அந்த ஆல்பத்தின் பின்னட்டையில் அவரும் சம்மருடன் நிற்கிறார். நல்ல குறிப்பேடு உள்ள தொகுப்பு என்றால் இந்தக் கதை அதில் இருக்க வேண்டும்.

1993-இல் வந்த "ஆன்தாலஜி" என்ற இரட்டை சிடி இந்த விஷயத்தில் தாராளமானது. முப்பதுக்கு மேல் பாடல்கள், பல நிறுவனங்களின் காலமும் உண்டு, வெளிவராமல் கிடந்த 1981 ஆல்பத்திலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் வந்த "எண்ட்லெஸ் சம்மர்" ஒற்றை சிடி, குட்டையான வடிவங்கள், கூடவே இரண்டு புதிய பாடல்கள். பழைய ரசிகர்களை மறுபடி வாங்கவைக்கவே தொகுப்புகளில் புதிய பாட்டு சேர்ப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதில் வந்த "மெலடி ஆஃப் லவ்" விஷயத்தில் அது பொருந்தாது. நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்த உண்மையான பாட்டு.

எட்டாம் படி: யாருக்காக வாங்குகிறீர்கள்?

இதுவரை சம்மரைக் கேட்டிராத ஒருவருக்குப் பரிசளிக்க என்றால் "எண்ட்லெஸ் சம்மர்" போதும். காரில் கேட்பார், பிடிக்கும், மேலும் தேடுவார். அவரை ஆழமாக அறிய வேண்டும் என்றால் "ஆன்தாலஜி". பழைய தட்டு சுழற்றும் வசதி வீட்டில் இருந்தால் "ஆன் த ரேடியோ" எல்பியைத் தேடுங்கள், விருந்து நாளில் ஊசியை வைத்துவிட்டு ஒரு பக்கம் முழுக்கத் தொடாமல் விடலாம்.

ஸ்ட்ரீமிங்தான் என்றால் எந்தத் தொகுப்பையும் அப்படியே எடுக்க வேண்டாம். முதல் படியில் போட்ட கோட்டை எடுத்து, நீங்களே கோத்துக்கொள்ளுங்கள்: 1975 ஆல்பத்திலிருந்து முழு "லவ் டு லவ் யூ பேபி", "ஐ ஃபீல் லவ்" எட்டு நிமிட வடிவம், நடுத் தணிவோடு "லாஸ்ட் டான்ஸ்", ஆல்பத்தில் உள்ளபடி ஒட்டிய "ஹாட் ஸ்டஃப்"பும் "பேட் கேர்ள்ஸ்"சும், "டிம் ஆல் த லைட்ஸ்", பதினொன்றே முக்கால் நிமிட "நோ மோர் டியர்ஸ்", "ஸ்டேட் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்", "ஷி வொர்க்ஸ் ஹார்ட்", 1989-க்கு "திஸ் டைம்", கடைசியாக "கேரி ஆன்". சேர்க்கும்போது ஒவ்வொன்றின் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டு அமைப்பில் பாடல்களுக்கிடையே இடைவெளி இல்லாமல் ஓடும் வசதியை இயக்கிவிடுங்கள், அது அணைந்திருந்தால் "ஹாட் ஸ்டஃப்" முடியும் இடத்தில் தாளம் அறுந்துவிடும்.